கைக்கெட்டிய ஆளி

கண்டியிலே புது வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் முதலில் எண்ணிப் பார்ப்பது முன்மண்டபத்தையும், ஹந்தானை மலையை நோக்கித் திறக்கும் சாளரத்தையும்தான். சமையலறை அதற்குப் பின்பே நினைவுக்கு வருகிறது. சமையலறையிலும் மேடையின் கல், அலுமாரியின் நிறம், சுவரின் ஓடு என்று ஒவ்வொன்றாய்ப் பேசி முடித்த பின்னர், எல்லாவற்றிலும் கடைசியாக யாரோ ஒருவர், “பிளக் எங்கே வைப்பது?” என்று கேட்கிறார். அதற்குள் பணமும் பொறுமையும் தீர்ந்துபோகின்றன. “எங்கேயாவது வையுங்கள்” என்பதே பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் மறுமொழி.

அந்த “எங்கேயாவது” என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். ஒரு வீட்டில் மின்சாரம் மிகுதியாக உழைக்கும் இடம் இன்று சமையலறை அன்றோ? கேத்தில், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ் அடுப்பு, அரைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கேக் வேகவைக்கும் அவன் என்று ஒவ்வொன்றும் ஒரு செருகியோடு வந்து சேருகின்றது. மேடையின் கீழே பொருத்தப்படும் கருவிகளின் செருகிகள் எங்கே மறைகின்றன, அவற்றை நிறுத்தும் ஆளி எங்கே இருக்கின்றது என்பது அழகைப் பற்றிய கேள்வியன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

எங்கள் பகுதி மக்களுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை நிகழ்த்தினார். அவருடைய லக்ஷபான கனவு நனவாக 1950ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் மகாவலி கங்கையின் முறை வந்தது. 1976இல் பொல்கொல்லையில் கங்கையை மறித்து, அதன் நீரில் ஒரு பகுதியைச் சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்துக்குத் திருப்பினார்கள். 1985இல் எங்களுக்கு மேலே கொத்மலையும், கீழே விக்டோரியாவும் இயங்கத் தொடங்கின. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்க்கும்போது அமைதியாக ஓடும் அதே நீர்தான், கம்பி வழியே திரும்பி வந்து நம் வீட்டுக் கேத்திலைக் கொதிக்க வைக்கின்றது.

ஆயினும் நெடுங்காலம் நம் குசினியில் மின்சாரத்துக்கு வேலை அதிகம் இருக்கவில்லை. விறகும், மண்ணெண்ணெயும், பின்னர் எரிவாயுவும் அடுப்பை ஆண்டன. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயுச் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புகள் நாடெங்கும் அச்சத்தை ஊட்டின. 2022இல் எரிவாயுவே கிடைக்காமற் போயிற்று. மின் அடுப்பை வாங்கியவர்கள் அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டையும் கண்டார்கள். அந்த நெருக்கடி தீர்ந்துவிட்டது. ஆனால் அப்போது வீட்டுக்குள் வந்த மின்கருவிகள் திரும்பிப் போகவில்லை. கருவிகள் பெருகிய அளவுக்கு அவற்றைத் தாங்கும் கம்பிகள் பெருகினவா என்பதே கேள்வி.

எங்கள் வீடு கட்டுக்கலைப் பக்கத்தில் உள்ள பழைய வீடு. சமையலறைச் சுவரில் இருந்தவை இரண்டே பிளக் பொயின்ற்றுகள்: ஒன்று 5 அம்பியர் வட்டத்துளை, மற்றது 15 அம்பியர் பெரிய வட்டத்துளை. புதிதாக வாங்கும் பொருள்களோ சதுர முனைகளோடு வருவன. ஆதலால் மாற்றிகளும், ஒன்றுக்குப் பின் ஒன்றாய்த் தொங்கும் நீட்டுக் கம்பிகளும் பெருகின. இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமன்று; இந்நாட்டின் கதை. இக்குழப்பத்தை ஒழிக்கவே 13 அம்பியர் சதுர முனைச் செருகியே வீட்டுப் பாவனைக்குரிய தேசியத் தராதரம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் பழைய சுவர்களில் வட்டத்துளைகள் இன்னமும் கண் விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்தச் சதுர முனைச் செருகியின் வரலாறு நம் இல்லத்தரசிகள் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, போருக்குப் பின் கட்டப்படவிருக்கும் வீடுகளில் மின்னிணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய இங்கிலாந்தில் ஒரு குழு அமைந்தது. அதில் இடம்பெற்ற ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெற். 1924இல் தோன்றிய பெண்கள் மின்சாரச் சங்கத்தின் முதல் பணிப்பாளர் அவரே. வீட்டில் மின்சாரத்தைக் கையாள்வோர் பெண்களும் குழந்தைகளுமே என்பதை அவர் நன்கறிந்தவர். சிறு குழந்தை விரலையோ கம்பியையோ நுழைக்க முடியாதபடி துளைக்கு மூடி இருத்தல் வேண்டும் என்ற கொள்கை, 1944இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையில் இடம்பெற்றது. 1947இல் அந்தத் தராதரம் பிறந்தது. மேலே உள்ள நீண்ட முனை புவிக்கம்பிக்குரியது. அது முதலில் நுழைந்து உள்மூடியைத் திறந்த பின்னரே மற்ற இரு முனைகளும் செல்ல வழி பிறக்கும். நம்மிற் சிலர் பேனா மூடியையோ ஈர்க்குக் குச்சியையோ மேல் துளையில் அழுத்தி, இரண்டு முனைச் செருகியை உள்ளே தள்ளுகிறார்கள். ஒரு குழந்தைக்காக ஒரு தாய் உள்ளத்தோடு அமைத்த கதவை உடைக்கும் செயல் அது.

சமையலறையைத் திருத்த முடிவுசெய்தபோது தச்சர் ஒருவரும், வயரிங் பாஸ் ஒருவரும் வந்தனர். தச்சருக்கு அழகு முக்கியம். “ஓடு பதித்த சுவரில் ஆளிகள் வரிசையாய் நின்றால் பார்வைக்கு நன்றாயிராது. எல்லாவற்றையும் மேடைக்குக் கீழே, அலுமாரிக்குள்ளே வைத்துவிடுவோம்” என்றார். செலவு குறையும் என்பதால் என் கணவருக்கும் அது பிடித்திருந்தது. உயர்தரம் படிக்கும் என் மகள் தன் கொப்பியில் ஒரு படம் வரைந்து, ஆளி, குதை, செருகி, உருகி என்று பாடப்புத்தகச் சொற்களால் பெயரிட்டாள். சுவிற்ச், பிளக் பேஸ், பிளக், பியூஸ் என்று பாஸ் அவற்றையே தம் மொழியில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

எழுபத்துநான்கு வயதான என் மாமியார் அதுவரை வாய் திறக்கவில்லை. அந்த அடுக்களையில் நாள்தோறும் நிற்பவர் அவர்தான். கடைசியில் பாஸைப் பார்த்து, “தம்பி, தீப்பிடித்தால் நான் எந்த இடத்தில் கையை வைப்பது?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அயலில் ஓர் அம்மையாரின் வீட்டில் மேடையின் கீழே அவன் பொருத்தியிருந்தார்கள். அதன் செருகியும் ஆளியும் அதற்கு நேர் பின்னாலே இருந்தன. ஒருநாள் செருகி சூடேறிக் கருகத் தொடங்கியது. புகை வருகின்றது, நிறுத்த வேண்டிய ஆளியோ புகைக்கும் கருவிக்கு அப்பால் இருக்கின்றது. அம்மையார் பதற்றத்தில் கையை உள்ளே நுழைத்தார். வீடு தப்பியது, கை தப்பவில்லை. பல வாரங்கள் அவர் கட்டுப்போட்ட கையோடு இருந்ததை மாமி நாள்தோறும் கண்டவர். பிரதான ஆளி வாசலருகே இருந்தது. ஆனால் அந்த வேளையில் வாசல்வரை ஓட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பதறும் கை அருகில் உள்ளதையே நாடும்.

மாமியின் கேள்விக்குப் பின் தச்சர் வாதிடவில்லை. பாஸ் சிரித்துக்கொண்டே, “அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி” என்றார். அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. மேடைக்குக் கீழே கருவிக்குப் பக்கத்து அறையில், ஆளியில்லாத வெறும் குதை. மேடைக்கு மேலே, கண்ணுக்கும் கைக்கும் நேராக, அந்தக் குதைக்குரிய 20 அம்பியர் இருமுனை ஆளி. கருவி கீழே, கட்டுப்பாடு மேலே. கீழே குதையிலும் ஓர் ஆளி இருந்தால் என்ன என்று மகள் கேட்டாள். ஒரே கருவிக்கு இரண்டு ஆளிகள் இருந்தால், எது மூடியிருக்கின்றது, எது திறந்திருக்கின்றது என்று நாள்தோறும் குழப்பமே மிஞ்சும் என்பது அவர் விடை. அலுமாரிக்குள் இருக்கும் குதைக்கும் எட்டும் வழி வேண்டும். கருவியைப் பெயர்க்காமல், பக்கத்துக் கதவைத் திறந்து செருகியைக் கழற்றக்கூடியதாய் இருத்தல் அவசியம் என்றும் சொன்னார்.

இருமுனை ஆளி என்பதன் பொருளை மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும். சாதாரண ஆளி உயிர்க்கம்பியை மாத்திரம் துண்டிக்கும். பழைய வீடுகளில் உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருப்பதுண்டு. அங்கே ஆளியை மூடினாலும் கருவிக்குள் மின்சாரம் காத்துக்கொண்டே இருக்கும். இருமுனை ஆளியோ இரண்டையும் ஒருங்கே துண்டித்துவிடும். அதிலுள்ள சிறு சிவப்பு விளக்கு, கருவிக்கு மின்சாரம் போகின்றதா என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும். கண்பார்வை மங்கிய முதியோருக்கு அது பெரிய துணை.

அடுத்து, கணக்கு. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. கருவியின் வாற்று அளவை 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் அம்பியர் கிடைக்கும். 2200 வாற்றுக் கேத்தில் ஏறக்குறைய 9½ அம்பியர் இழுக்கும். 1200 வாற்று மைக்ரோவேவ் 5 அம்பியருக்குச் சற்று மேல். 700 வாற்று ரைஸ் குக்கர் 3 அம்பியர். காலை ஆறரை மணிக்கு, பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் புறப்படும் அவசரத்தில், மூன்றும் ஒரே வேளையில் ஓடும். கூட்டினால் 4100 வாற்று. ஏறக்குறைய 18 அம்பியர். இவை மூன்றையும் ஒரே நீட்டுக் கம்பியிற் செருகினால், 13 அம்பியருக்கென அமைந்த ஒரு செருகி 18 அம்பியரைச் சுமக்க நேரிடும்.

“அதற்குத்தானே உருகி இருக்கின்றது?” என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 13 அம்பியர் உருகி 14ஆவது அம்பியர் வந்தவுடன் உருகிவிடுவதில்லை. 18 அம்பியரை அது நெடுநேரம் தாங்கிக்கொண்டே சூடேறும். அத்தோடு, இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. முனை சற்றுத் தளர்ந்திருந்தாலும் போதும். செருகியின் விளிம்பு மஞ்சளாகி, பின் கபிலமாகி, ஒருநாள் கருகும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கும் செருகி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்க வேண்டும்.

ஆதலால் மேடைப் பகுதிக்கு இரண்டு தனிச் சுற்றுகள் இழுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 20 அம்பியர் சுற்றுடைப்பான், கம்பி 2.5 சதுர மில்லிமீற்றர். கடையில் “7/0.67” என்று கேட்டால் தருவது அதுதான், ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் சேர்ந்தது என்பது அதன் பொருள். மின்விளக்குக்குப் போடும் மெல்லிய “1/1.13” கம்பியைப் பிளக் பொயின்ற்றுக்கு இழுப்பது, கைவண்டிப் பாதையில் லொறியை ஓட்டுவது போன்றது. அவனுக்கு மூன்றாவதாகத் தனிச் சுற்று ஒன்று அமைந்தது. குளிர்சாதனப் பெட்டியின் ஆளியை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி, உயரத்தில் வைத்தோம். இரவு எல்லாவற்றையும் மூடும் பழக்கத்தில் அதையும் மூடிவிட்டால், மறுநாள் மீனும் பாலும் வீணாகும் அன்றோ?

இவற்றுக்கெல்லாம் மேலாக வாயிற் பலகையில் இருக்கிறது மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். “ட்ரிப் சுவிற்ச்” என்று நாம் சொல்வது அதையே. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகின்றதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கின்றது. 30 மில்லியம்பியர் அளவு வேறு வழியில், ஒரு மனித உடலின் வழியாகவேனும், புவிக்குக் கசிந்தால் கண்ணிமைக்கும் பொழுதுக்குள் சுற்றைத் துண்டித்துவிடும். ஈரக் கையோடு நிற்கும் இடமாகிய சமையலறைக்கு இதனினும் சிறந்த காவலன் இல்லை. ஆனால் ஒருவர் உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருங்கே பிடித்தால் அதனால் அறிய இயலாது. எனவே அது இருக்கின்றதென்று அலட்சியம் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கண்டியில் மாலை தோறும் இடி முழங்கும் வேளையில் அது அடிக்கடி விழுவது சிலருக்குத் தொல்லையாய்த் தோன்றும். அதை நீக்கி நேராக இணைத்துத் தரும்படி கேட்போரும் உளர். காவல்நாய் குரைக்கின்றதென்று அதை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவாருண்டோ? அதன் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லையென்றால் உடனே மாற்ற வேண்டும்.

குதைகளின் இடத்தையும் பாஸ் ஒவ்வொன்றாய் அளந்தார். தொட்டியிலிருந்து ஓரடிக்கு மேல் விலக்கி வைத்தார். தொட்டியின் குழாய் போகும் அறைக்குள் ஒன்றையும் வைக்கவில்லை. குழாய் ஒழுகினால் முதலில் நனைவது அங்கேதான். தரையைக் கழுவும் நீர் தெறிக்காத உயரம் வேண்டும் என்றார். மழை மாதங்களில் எங்கள் ஊர்ச் சுவர்கள் வியர்க்கும். அலுமாரிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். ஆகையால் கம்பி வரும் துளைகளை அடைத்து, பலகையின் கூரிய விளிம்பு கம்பியை அறுக்காதபடி றப்பர் வளையம் பொருத்தினார். முடிந்த பின் ஒவ்வொரு குதையிலும் புவித்தொடுப்பு உண்டா என்று கருவி வைத்துச் சோதித்தார். தகுதியுள்ள ஒருவரே செய்ய வேண்டிய வேலை இது. நாம் செய்யவேண்டியது, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே.

செலவு கூடியது உண்மை. கம்பியும் ஆளிகளும் கூடுதலாயின. அதை ஈடுசெய்ய, மேல் அலுமாரிக்குக் கண்ணாடிக் கதவு போடும் எண்ணத்தை என் கணவரே கைவிட்டார். இன்றும் அந்த அலுமாரிக்குக் கதவில்லை. பீங்கான் கோப்பைகள் திறந்த வெளியில்தான் இருக்கின்றன. வந்தவர் எவரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இந்த வசதியெல்லாம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் அறைகளில், சமைப்பதும் படிப்பதும் உறங்குவதும் ஓரிரு அறைகளுக்குள்ளேயே நிகழ்கின்றன. ஒரே பொயின்ற்றிலிருந்து பல கம்பிகள் பிரிகின்றன. மின்னொழுக்கே காரணமென்று ஐயுறப்படும் தீயால் ஒரு வரிசையே எரிந்துபோன செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அங்குள்ள ஒரு தாயும் என் மாமியின் கேள்வியையே கேட்கிறாள். அதற்கு விடை சொல்லும் பொறுப்பு அவளுடையது மாத்திரமன்று. வீடு கட்டிக் கொடுப்போர், வீட்டுத் திட்டம் வரைவோர், கம்பி இழுப்போர் எல்லோரையும் அது சாரும்.

வீட்டைத் திருத்த எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவரைக் கொத்துமுன், அந்த அடுக்களையில் நாள்தோறும் நிற்பவர் எவரோ அவரை அழைத்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கையில் ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுங்கள். கண்ணை மூடிக் கையை நீட்டி, கை சென்று படும் இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அடுப்பின் மேலாகவோ, கொதிக்கும் பாத்திரத்தின் மேலாகவோ கை செல்ல நேர்ந்தால் அந்த இடம் ஆகாது. இன்னொரு பக்கம் முயலுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் மாமி போட்ட கோட்டின் மேலேதான் பாஸ் தம் உளியை வைத்தார். ஒவ்வோர் ஆளியின் கீழும் அது எதற்குரியது என்று தமிழிலும் சிங்களத்திலும் மகள் எழுதி ஒட்டினாள். வீட்டுக்கு உதவிக்கு வருபவரும் விருந்தினரும் அறிய வேண்டுமல்லவா?

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்றைக்கே உங்கள் சமையலறைக்குச் சென்று, கருவிகளின் பின்புறம் பொறித்திருக்கும் வாற்று அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டி 230ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே பொயின்ற்றில் எத்தனை அம்பியர் தொங்குகின்றதென்று தெரியும். பின்னர் உங்கள் அம்மாவிடமோ அப்பம்மாவிடமோ, “இதை அவசரமாய் நிறுத்த வேண்டுமானால் எங்கே கை வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். விடை சொல்ல அவர் சற்றே தயங்கினாலும், வயரிங் செய்பவரைக் கூப்பிட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.